‘ஒன்று வெட்டினால் மூன்று நடுகிறோம்’: மரத்தொழில் விளம்பரத்தை எப்படிப் படிப்பது?

கேள்வி இது: “கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மரவெட்டுச் சண்டை முப்பது வருடமாக ஓயவில்லை. ‘ஆண்டுக்கு ஒரு சதவீதம்கூட வெட்டுவதில்லை, வெட்டிய ஒவ்வொன்றுக்கும் மூன்று கன்று நடுகிறோம்’ என்கிறது தொழில்தரப்பு. ‘பழங்காடே மிஞ்சவில்லை’ என்கிறார்கள் எதிர்ப்பவர்கள். யார் சொல்வது பொய்?”

எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டு தரப்புமே பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. ஒரு சதவீதம் என்பதும் சரி, மூன்று கன்று என்பதும் சரி. எதில் ஒரு சதவீதம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. மரம் வெட்டுவதால் வரும் பெரிய சேதம் அடிக்கட்டையில் நடப்பதில்லை. அதற்குப் போட்ட மண்பாதையிலும், கீழே ஓடும் சின்ன ஓடையிலும், வெட்டி ஐந்து பத்து வருடம் கழித்து நடக்கிறது. விளம்பரப் படம் அந்த நேரத்தில் அங்கே எடுக்கப்படுவதில்லை.

முதலில் அந்த ஒரு சதவீதம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் காடு என்று கணக்கில் வருவது சுமார் 5.7 கோடி ஹெக்டேர். இதில் மலை உச்சியில் காற்றடித்துக் குறுகிய மரங்களும், வடக்கே சதுப்பில் கை தடிமனுக்கு மேல் வளராத ஸ்ப்ரூஸ் மரங்களும் அடக்கம். இவற்றை யாரும் வெட்டப் போவதில்லை, வெட்டினால் கூலிக்கே கட்டாது. லாபத்தோடு வெட்டக்கூடிய நிலம் என்று அரசே ஒதுக்கிக் காட்டுவது ஏறத்தாழ 2.2 கோடி ஹெக்டேர்தான். ஆண்டு வெட்டை 5.7 கோடியால் வகுத்தால் ஒரு எண், 2.2 கோடியால் வகுத்தால் இரண்டரை மடங்கு பெரிய எண். பெரிய மரங்கள் நிற்கும் பள்ளத்தாக்கின் அடிநிலத்தை மட்டும் எடுத்து வகுத்தால் விஷயமே வேறு. விளம்பரம் எப்போதும் முதல் வகுத்தலைத்தான் காட்டும்.

இதிலேயே இன்னொரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. ஒரு நிலப்பரப்பில் ஆண்டுக்கு ஒரு சதவீதம் வீதம் சுழற்சியாக வெட்டினால் நூறு ஆண்டில் முழுவதும் ஒரு சுற்று வந்துவிடும். அதற்குப் பிறகு அங்கே நூறு வயதைத் தாண்டிய மரம் ஒன்றுகூட இருக்காது. அந்தக் கரையோர மழைக்காட்டில் செடார் மரம் ஆயிரம் வருடம் தாண்டியும் நிற்கும். 250 வயதைத் தாண்டிய காட்டைத்தான் கரையோரத்தில் ‘பழங்காடு’ என்று அரசு வரையறுக்கிறது. ‘ஒரு சதவீதம்தான்’ என்று கேட்கும்போது சிறிதாகத் தோன்றுவது, பழங்காட்டைப் பொறுத்தவரை முற்றும் முடிப்பதற்கான கால அட்டவணை.

2020-இல் கேரன் பிரைஸ், ரேச்சல் ஹோல்ட், டேவ் டாஸ்ட் என்ற மூன்று சூழலியலாளர்கள் அரசின் தரவையே எடுத்துப் பிரித்துப் பார்த்தார்கள். அரசு சொன்னது: காட்டுப் பரப்பில் 23 சதவீதம், அதாவது 1.32 கோடி ஹெக்டேர் பழங்காடு. எண் சரி. ஆனால் அதில் 80 சதவீதம் சிறு மரங்கள் நிற்கும் காடு. அவர்கள் பயன்படுத்திய அளவுகோல் வனத்துறையினர் தினமும் புழங்குவதுதான்: அந்த மண்ணில் ஒரு மரம் 50 வயதில் எத்தனை மீட்டர் உயரம் எட்டும் என்பது. 20 மீட்டரைத் தாண்டும் மண்ணில்தான் மக்கள் பழங்காடு என்றதும் மனதில் நினைக்கும் பெருமரம் வளரும். அப்படிப்பட்ட மண்ணில் மிஞ்சிய பழங்காடு சுமார் 4,15,000 ஹெக்டேர். 1.32 கோடியில் அது மூன்று சதவீதம். 25 மீட்டரைத் தாண்டும் மிக வளமான மண்ணில் மிஞ்சியது சுமார் 35,000 ஹெக்டேர்தான். ‘23 சதவீதம் இருக்கிறது’ என்பதும் ‘மூன்று சதவீதம்தான்’ என்பதும் ஒரே தரவிலிருந்து வந்தவை.

மூன்று கன்று விஷயம் இன்னும் எளிது. வெட்டிய இடத்தில் ஹெக்டேருக்கு ஆயிரம், ஆயிரத்து இருநூறு கன்றுகள் நடுவது வழக்கம். பெருமரங்கள் நின்ற காட்டில் ஹெக்டேருக்குச் சில நூறு மரங்கள் இருந்திருக்கும். எனவே ஒன்றுக்கு மூன்று, ஏன் ஒன்றுக்கு ஐந்துகூட, தானாக வரும் விகிதம். அது தாராள குணம் இல்லை. கன்றுகளில் ஒரு பங்கு புதரில் அமுங்கும், மான் கடிக்கும், பிறகு ஒன்றையொன்று நெருக்கிச் சாகும் என்பதற்காகச் சேர்த்து நடுவது. 1987 முதல் மறுநடவு சட்டப்படியே நிறுவனத்தின் கடமை. கன்று களைச்செடியின் பிடியிலிருந்து தப்பித் தானாக வளரும் நிலையை எட்டும்வரை பொறுப்பு அவர்களுடையது. இதை அவர்கள் ஒழுங்காகவே செய்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் நட்டது வளர்ந்து 25, 30 வருடத்தில் கிளைகள் கூடிக்கொண்டு தரையில் வெயிலே விழாமல் போகும். ஹக்கிள்பெர்ரிப் புதர் சாகும், மானுக்குக் குளிர்காலத் தீனி போகும். அந்த இருட்டு பல பத்தாண்டு நீடிக்கும், அதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும். மார்பிள்ட் மர்லெட் என்று ஒரு கடற்பறவை. கூடு கட்டத் தெரியாது. பழைய மரத்தின் அகன்ற கிளையில் மெத்தென்று பாசி படர்ந்த குழியில் ஒரே ஒரு முட்டை இடும். அந்தத் தடிமனில் கிளையும் அதன்மேல் அந்தப் பாசியும் உண்டாகவே நூற்றாண்டுக்கு மேல் ஆகும். மூன்று கன்று நட்டாலும் முப்பது நட்டாலும் அந்தப் பறவைக்கு அதில் இடமில்லை.

இப்போது மண்ணுக்கு வருவோம். சண்டையில் அதிகம் பேசப்படாதது இதுதான், ஆனால் அதிகம் கெடுவதும் இதுதான்.

செங்குத்தான மலைச்சரிவில் பாதை போடும்போது மேற்புறத்தை வெட்டிய மண்ணைக் கீழ்ப்புறம் தள்ளி, அந்தத் தள்ளிய மண்ணின்மேல் பாதி அகலத்தை அமைப்பது பழைய முறை. செலவு குறைவு. தள்ளிய மண்ணுக்கடியில் அடிக்கட்டைகளும் கிளைகளும் புதைந்து கிடக்கும். அவை மட்கிப் போக பத்து, இருபது வருடம். மட்கியதும் மேலே உள்ள மண்ணுக்குப் பிடிமானம் இருக்காது. பாதையின் வெளி ஓரத்தில் பிறை வடிவத்தில் விரிசல் தெரிந்தால் அந்தப் பகுதி கீழே போகத் தயாராகிவிட்டது என்று பொருள். அடுத்த பெருமழையில் போகும்.

அதோடு குழாய்ப் பாலங்கள். ஓடை பாதையைக் கடக்கும் இடத்தில் இரும்புக் குழாய் பதித்திருப்பார்கள். வெட்டு முடிந்து ஆட்கள் போன பிறகு அதைச் சுத்தம் செய்ய யாரும் இல்லை. ஒரு கிளை குறுக்கே சிக்கி, அதன்மேல் சருகு அடைத்து, வாய் மூடிக்கொள்ளும். தண்ணீர் பாதைமேல் ஏறி, சரிவு எங்கே தாழ்கிறதோ அங்கே, அதாவது ஓடையே இல்லாத சரிவில் இறங்கும். நிலச்சரிவு அங்கேதான் பிறக்கிறது. பாதையைக் கைவிடும் முன் குழாய்களைப் பிடுங்கி எடுக்க வேண்டும், குறுக்கே வாய்க்கால் வெட்டித் தண்ணீரை அந்தந்த இடத்திலேயே இறக்கிவிட வேண்டும், வெளிப்புறம் தள்ளிய மண்ணை எக்ஸ்கவேட்டரால் மேலே இழுத்துப் போட வேண்டும். மூன்றையும் செய்த பாதை நிற்கும். செய்யாத பாதை மழைக்குக் காத்திருக்கும்.

பாதையே இல்லாத சரிவும் தப்பாது. மரம் வெட்டியதும் வேர் உடனே சாவதில்லை. மெல்ல மெல்ல அழுகும். புதுக் கன்றின் வேர் அந்த இடத்தைப் பிடிக்கப் பல வருடம் ஆகும். பழைய பிடி போய்ப் புதுப் பிடி வராத அந்த இடைவெளி, ஏறத்தாழ 5 முதல் 15 ஆண்டு வரை, சரிவுக்கு மிக ஆபத்தான காலம். மேலிருந்து பார்த்தால் அப்போது நிலம் பச்சையாகவே இருக்கும். பத்திரிகையாளர்களைக் கூட்டிப்போய்க் காட்டுவதற்குத் தோதான பச்சை.

சரிந்த மண் ஓடையில் சேரும்போது சால்மன் மீனின் கதை தொடங்குகிறது. பெண் மீன் வாலால் சரளையைத் தோண்டி முட்டையிட்டு மறுபடி சரளையால் மூடும். முட்டை குளிர்காலம் முழுவதும் கற்களுக்கிடையே ஓடும் தண்ணீரில் கலந்த ஆக்சிஜனால் உயிர் வாழும். பொடி மணலும் வண்டலும் வந்து கல்லிடுக்கை அடைத்தால் தண்ணீர் ஓட்டம் நிற்கும், முட்டை மூச்சடைத்துச் சாகும். பொரித்தாலும் குஞ்சு மேலே வர வழியில்லை. மேலே நின்று பார்ப்பவர்களுக்கு ஓடை தெளிவாகத்தான் தெரியும்.

இது ஊகம் அல்ல. வான்கூவர் தீவின் மேற்குக் கரையில் கார்னேஷன் ஓடையில் 1970-களின் தொடக்கத்திலிருந்து அளவெடுத்து வருகிறார்கள். வெட்டுவதற்கு முன் ஐந்து ஆண்டு, 1976 முதல் 1981 வரை வெட்டு நடந்தபோது, பிறகு பல பத்தாண்டு. கரைமரம் போனதும் தண்ணீர் சூடேறியது. கோஹோ சால்மன் குஞ்சுகள் சில வாரம் முன்னதாகவே சரளையை விட்டு வெளியே வந்தன. ஓடையின் கீழ்ப்பகுதியில் சரளை கெட்டு, ‘சம்’ என்ற இன்னொரு சால்மன் வகை குறைந்தது. முதல் இரண்டு வருடத்தோடு அளவெடுப்பதை நிறுத்தியிருந்தால் ‘பெரிய பாதிப்பு இல்லை’ என்றே எழுதியிருக்கலாம்.

விதிகள் இல்லையா என்றால், இருக்கின்றன. ஓட்டையும் அதிலேயே இருக்கிறது. மீன் வாழும் ஓடையின் அகலம் 5 முதல் 20 மீட்டர் என்றால் இரு கரையிலும் 30 மீட்டருக்கு மரத்தைத் தொடக்கூடாது. 1.5 முதல் 5 மீட்டர் என்றால் 20 மீட்டர். ஒன்றரை மீட்டருக்குக் குறைந்தால், மீன் இருந்தாலும், தொடக்கூடாத பகுதி பூஜ்யம். ‘கவனமாகக் கையாள வேண்டிய’ 30 மீட்டர் மட்டும் உண்டு, அதில் வெட்டலாம். நீர்ப்பிடிப்பு என்பது மழைநீர் ஓர் ஓடைக்கு வந்து சேரும் நிலப்பரப்பு. அதிலுள்ள ஓடைகளில், நீளக் கணக்கில் பெரும்பங்கு இந்தச் சிற்றோடைகள்தான். கோஹோ குஞ்சு வளர்வதும் அவற்றில்தான். ‘எல்லா ஆற்றோரத்திலும் காப்பு மரவரிசை விடுகிறோம்’ என்ற வாசகத்தில் ஆறு என்ற சொல்லை நிறுத்திப் படியுங்கள்.

இனி மக்கள் தொடர்பு வேலை. 1991-இல் பி.சி. (பிரிட்டிஷ் கொலம்பியா) ஃபாரஸ்ட் அலையன்ஸ் என்று ஓர் அமைப்பு பிறந்தது. பொதுமக்கள் கூட்டமைப்பு என்ற தோற்றம். பணம் மரத்தொழில் நிறுவனங்களுடையது, உருவாக்க உதவியது பர்ஸன்-மார்ஸ்டெல்லர் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம். போபால் விஷவாயு விபத்துக்குப் பின் யூனியன் கார்பைடுக்கும், அர்ஜென்டினாவின் இராணுவ ஆட்சிக்கும் வேலை செய்த அதே நிறுவனம். தலைவராக வந்தவர் மரத்தொழிலாளர் சங்கத்தின் முன்னாள் தலைவர் ஜாக் மன்ரோ. பிறகு கிரீன்பீஸின் தொடக்ககாலத் தலைவர்களில் ஒருவரான பேட்ரிக் மூரும் சேர்ந்தார். முதலாளி பேசினால் கேட்காதவர்கள் தொழிலாளி பேசினால் கேட்பார்கள், சூழலியலாளரே வந்து ‘பரவாயில்லை’ என்றால் இன்னும் கேட்பார்கள். இது மக்கள் தொடர்புத் தொழிலின் அடிப்படைப் பாடம். யார் பேசுகிறார் என்பதோடு அவர் உட்காரும் நாற்காலிக்கு யார் பணம் கொடுத்தார் என்பதையும் பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

சொற்களும் மாறின. வெட்டு ‘அறுவடை’ ஆனது, காடு ‘உழைக்கும் காடு’ ஆனது. நெடுஞ்சாலையிலிருந்தும் கப்பல் தடத்திலிருந்தும் தெரியும் சரிவுகளுக்கு மட்டும் ‘காட்சித் தரம்’ என்று தனி விதி உண்டு, அங்கே மொட்டை வெட்டு கண்ணில் படாமல் வடிவம் கொடுக்க வேண்டும். ஒரு மரம் விடாமல் வழித்தெடுப்பதைத்தான் மொட்டை வெட்டு என்கிறேன். பயணி பார்க்கும் சரிவுக்கு இருக்கும் காப்பு, மீன் வாழும் ஒன்றரை மீட்டர் ஓடைக்கு இல்லை.

1993 ஏப்ரலில் மைக் ஹார்கோர்ட் தலைமையிலான மாகாண அரசு, வான்கூவர் தீவின் கிளாக்வாட் சவுண்ட் பகுதியில் மூன்றில் ஒரு பங்கைக் காத்து, மீதியில் பெரும்பகுதியை ஏதோ ஒரு வகை வெட்டுக்குத் திறந்தது. ‘காப்புப் பரப்பை 15-லிருந்து 33 சதவீதமாக இரட்டிப்பாக்கினோம்’ என்பது அரசின் வாசகம். அதுவும் சரியான எண்தான். அந்தக் கோடையில் கென்னடி ஆற்றுப் பாலத்தில் விடியற்காலையில் லாரிகளை மறித்து நின்றவர்களில் 800-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். எதிர்ப்புறம் மஞ்சள் ரிப்பன் கட்டிய மரவெட்டிக் குடும்பங்கள். அவர்களின் பயம் நடிப்பில்லை. ஆனால் அவர்களின் வேலையைப் பல பத்தாண்டுகளாகத் தின்றுகொண்டிருந்தது இயந்திரம். அதே அளவு மரத்துக்கு ஆள் குறைந்துகொண்டே வந்தது. அதை எந்த விளம்பரமும் சொல்லவில்லை.

கிளாக்வாட்டில் மரம் வெட்டிய மேக்மில்லன் ப்ளோடெல் நிறுவனத்தை அசைத்தது கைதுகளைவிட வாங்குபவர்கள். 1994-இல் ஸ்காட், கிம்பர்லி-கிளார்க் காகித நிறுவனங்களின் பிரிட்டன் கிளைகள் அதனுடனான ஒப்பந்தங்களை விட்டன. 1998-இல் அந்த நிறுவனமே மொட்டை வெட்டைக் கைவிடுவதாக அறிவித்தது. ஒரு வருடம் கழித்து வேயர்ஹாசர் என்ற அமெரிக்க மரநிறுவனத்துக்கு விற்கப்பட்டது.

இதற்கிடையில் நடந்த நல்ல வேலை பலருக்குத் தெரியாது. 1993 அக்டோபரில் அரசு ஒரு அறிவியல் குழு அமைத்தது. விஞ்ஞானிகளோடு அந்த மண்ணின் பழங்குடிகளான நூ-சா-நுல்த் மூத்தோரும் சமமாக உட்கார்ந்தார்கள். ஃப்ரெட் பன்னலும் ரிச்சர்ட் அட்லியோவும் இணைத்தலைவர்கள். எவ்வளவு வெட்டலாம் என்று தொடங்காமல், எதை விட்டுவைக்க வேண்டும் என்று தொடங்கினார்கள். சிறப்பு மதிப்புள்ள இடத்தில் குறைந்தது 70 சதவீதமும், மற்ற இடத்தில் குறைந்தது 15 சதவீதமும் மரத்தை நிற்க விட வேண்டும். 500 ஹெக்டேரைத் தாண்டிய எந்த நீர்ப்பிடிப்பிலும் ஐந்து ஆண்டில் 5 சதவீதத்துக்கு மேல் வெட்டக்கூடாது.

பாருங்கள், இதுவும் ஆண்டுக்கு ஒரு சதவீதம்தான். ஆனால் மாகாணத்தில் ஒரு சதவீதம் அல்ல, ஒவ்வொரு ஓடையின் நீர்ப்பிடிப்பிலும் ஒரு சதவீதம். மாகாணக் கணக்கில் ஒரு பள்ளத்தாக்கை ஒரே வருடத்தில் முழுவதும் மொட்டையடித்துவிட்டும் ‘ஒரு சதவீதத்துக்குக் கீழே’ என்று சொல்லலாம். குழுவின் கணக்கில் அது முடியாது. 1995-இல் அரசு எல்லாப் பரிந்துரைகளையும் ஏற்றது.

நல்ல சொல்லும் நீர்த்துப்போகும். ‘மரம் விட்டு வெட்டுதல்’ என்ற பெயரில் 15 சதவீதத்தை ஓரத்துப் பாறைமேல் ஒரே கொத்தாக விட்டால் மீதி மொட்டைதான். வெட்டிய பரப்பில் பாதிக்கு மேல், நிற்கும் ஏதாவது மரத்திலிருந்து ஒரு மர உயரத் தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அந்த முறையின் வரையறை. வரைபடத்தைக் கேட்டு வாங்கினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சட்டத்திலும் இப்படி ஒரு வாசகம் வந்தது. 1995-இன் கறாரான வன நடைமுறை விதிகளுக்குப் பதிலாக 2004-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் விதிகளில் காட்டுயிர், பல்லுயிர், நீர் எல்லாவற்றுக்கும் குறிக்கோள் உண்டு. கூடவே, ‘மாகாணத்தின் மர வரத்தை மிகையாகக் குறைக்காத அளவில்’ என்ற நிபந்தனை. ஒரு மான் கூட்டத்துக்கோ ஓடைக்கோ தேவையானது எவ்வளவு என்று அறிவியல் சொன்னாலும், மர வரத்து குறைகிறது என்று சொன்னால் போதும். அந்த நிபந்தனையை எடுப்பதாக அரசு அறிவிக்க 2023 ஆனது.

எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் திருத்த வேண்டியவை உண்டு. ‘வடக்கின் பிரேசில்’ என்ற கோஷம் தவறு. அமேசானில் காடு மேய்ச்சல் நிலமாகிறது, இங்கே மறுபடி மரம்தான் வளர்கிறது. இழப்பது காட்டை அல்ல, பழங்காட்டை. மொட்டை வெட்டுக்குப் பதில் பொறுக்கி வெட்டுவது எப்போதும் நல்லது என்பதும் சரியில்லை. அதே மரத்துக்கு அதிகப் பரப்பில் பாதை போட வேண்டியிருக்கும், பாதைதான் பெரிய சேதம். விலையுள்ள செடாரை மட்டும் பொறுக்கிவிட்டு மீதியை விட்டுப் போகும் வழக்கமும் உண்டு. பழங்குடிகள் எல்லோரும் வெட்டுக்கு எதிரி என்று காட்டுவதும் நியாயமில்லை. பலருக்குச் சொந்த உரிமமும் ஆலையும் இருக்கிறது. வான்கூவர் தீவில் 1,100-க்கும் மேற்பட்ட கைதுகள் நடந்த ஃபேரி கிரீக் பள்ளத்தாக்கில், 2021 ஜூனில் இரண்டு ஆண்டுகளுக்கு வெட்டை நிறுத்தச் சொல்லி முடிவெடுத்தவர்கள் பாச்சிடாட் உட்பட மூன்று பழங்குடி நாடுகள்தான் (பழங்குடிச் சமூகங்களை அங்கே ‘நாடு’ என்றே அழைப்பார்கள்).

வேலை இழப்பு எண்ணையும் இதே கண்ணோடு பாருங்கள். 2021 நவம்பரில் 26 லட்சம் ஹெக்டேர் பழங்காட்டில் வெட்டைத் தள்ளிவைக்கப் பரிந்துரை வந்தபோது அரசு 4,500 வேலை வரை போகலாம் என்றது, தொழிற்கூட்டமைப்பு 18,000 என்றது. நேரடி வேலையா, லாரி ஓட்டுநரும் டீக்கடையும் சேர்த்தா, தற்காலிகமா நிரந்தரமா என்று கேட்காமல் இரண்டில் எதையும் எடுத்துப் பேசாதீர்கள்.

நிறுவனத்திடமோ அரசிடமோ கேட்க வேண்டியவை சில உண்டு. அந்த வெட்டுத் துண்டில் 50 வயது மர உயரம் எத்தனை மீட்டர்? அந்த நீர்ப்பிடிப்பில் கடந்த பத்து ஆண்டில் எத்தனை சதவீதம் போயிருக்கிறது? ஒன்றரை மீட்டருக்குக் குறைந்த மீன் ஓடைகளின் கரையில் என்ன விட்டீர்கள்? கைவிட்ட பாதைகளில் குழாய் பிடுங்கியது எத்தனை கிலோமீட்டர்? இவற்றுக்கு எண் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய மரத்தைத் தயங்காமல் வாங்கலாம். பதிலுக்குக் கன்று நடும் குழந்தையின் படம் வந்தால், பாதைகளைப் போய்ப் பார்க்க வேண்டிய இடம் அது.

கிளாக்வாட்டில் 2024 ஜூனில் அஹௌசாட், ட்லா-ஓ-க்வி-ஆட் பழங்குடி நாடுகளும் மாகாண அரசும் சேர்ந்து பத்துப் புதிய காப்புப் பகுதிகளை அறிவித்தன, சுமார் 76,000 ஹெக்டேர். 1984-இல் முதல் மறியல் நடந்த மியர்ஸ் தீவும் அதில் இருக்கிறது.